சனிக்கிழமை டிராயிங் மிஸ் அவர்களுக்கு

அறுபத்திரண்டு மணி நேரம். முப்பத்தொரு சனிக்கிழமைகள், சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரம். நீதிமன்றம் ஒரு அப்பாவுக்கும் அவர் மகளுக்கும் கொடுத்தது அவ்வளவுதான். அதில் ஒரு நிமிடமும் சிந்தாமல் அவர்களிடம் கொண்டு சேர்த்தவர் இன்று எங்கள் முன்னால், பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மதிப்பிற்குரிய மேடம் அவர்களே,

குடும்ப நீதிமன்றத்தின் சந்திப்பு அறையை இருபத்துநான்கு ஆண்டுகள் ஆண்டும் அதிகாரம் என்ற சொல்லை அறியாதவரே, சண்டையோடு வந்தவர்களைச் சத்தமில்லாமல் உட்கார வைத்தவரே, அழுகிற பிள்ளையிடம் ஒருநாளும் ‘அழாதே’ என்று சொல்லாதவரே, அடம்பிடிக்கிற அப்பாவிடமும் அலுத்துப்போன அம்மாவிடமும் ஒரே அளவு கண்டிப்பும் ஒரே அளவு கனிவும் காட்டியவரே, கருணைக் கடலே.

கடைசியாக வந்த கடல் தலைமை எழுத்தர் கேட்டுக்கொண்டதற்காக.

இந்த மடலை எழுத வேண்டியவர் அவர்தான். இங்கே ஓய்வு பெற்ற எல்லோருக்கும் அவர்தான் எழுதினார். இந்த முறையும் பேனாவைத் திறந்தார். நீங்கள் தடுத்துவிட்டீர்கள்.

“எனக்கு அந்தக் கருணைக் கடலும் வேணாம், கடமைக் குன்றும் வேணாம். ஏழு பேருக்குக் கேட்டாச்சு. ஸ்டெனோவுக்கும் அதே கடல், டிரைவருக்கும் அதே கடல். டிரைவர் யார்கிட்டய்யா கருணை காட்டினாரு?”

“ஹாரன் அடிக்க மாட்டாரு மேடம்” என்றார் இப்போதைய ஓட்டுநர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சந்திப்பு அறையில் உங்கள் உதவியாளர். வேதியியல் படித்தவள். “பேசறதுக்கே கூலி கேக்கற பொண்ணு. இதுவா மைக் முன்னாடி நிக்கப்போகுது?” என்று தலைமை எழுத்தர் கேட்டார். “எழுதட்டும். சுருக்கமா இருக்கும்” என்றீர்கள்.

சுருக்கமாக இல்லை. மன்னிக்க வேண்டும்.

இந்த மாதம்தான் பணியில் சேர்ந்தவர்களும் இங்கே இருப்பதால் அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிந்த பெற்றோரில் ஒருவரிடம் பிள்ளை இருக்கும். மற்றவர் வாரம் ஒரு முறை இங்கே வந்து பார்க்கலாம். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று நடைக்கூடத்துக்கு, மற்றது வண்டி நிறுத்தும் இடத்துக்கு. பிள்ளையை விட வருகிறவர் ஒரு கதவில் வந்து அதே கதவில் போய்விட வேண்டும். பார்க்க வருகிறவர் அடுத்த கதவில் வருவார். இருவரும் எதிரெதிரே நிற்க நேராது.

உள்ளே எல்லாமே குட்டி நாற்காலிகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். பெரிய நாற்காலி வாங்கப் பணம் வந்தபோது நீங்கள் வேண்டாம் என்று எழுதி அனுப்பினீர்கள். காரணம் கேட்ட கணக்கருக்கு நீங்கள் சொன்னது: “குட்டி நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு யாராலயும் கத்த முடியாது. வேணும்னா நீங்க முயற்சி பண்ணிப் பாருங்க.” அவர் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை.

பிள்ளையைக் கைமாற்றும்போது எத்தனை புகார்கள்! பையில் இரண்டாவது சாக்ஸ் இல்லை, யாரைக் கேட்டு முடி வெட்டினீர்கள், மருந்து பாதிதான் குறைந்திருக்கிறது. “சாக்ஸ் வழக்கைத் திங்கள்கிழமை எடுத்துக்கலாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவீர்கள். வக்கீல்கள் நடைக்கூடத்தில் மடக்கி, “மேடம், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். குழந்தை யார் கூட இருந்தா சந்தோஷமா இருக்கு?” என்பார்கள். “ரெண்டு பேர் கூடவும் பசியாத்தான் இருக்கு” என்பீர்கள்.

அறைக்கு ஒரு விதி உண்டு. சேர்ந்த அன்றே எனக்குச் சொன்னீர்கள். “இங்க யாரும் பொய் சொல்லக் கூடாது. அதுக்காக உண்மையைச் சொல்லியே ஆகணும்னு இல்ல. சும்மா இருக்கலாம்.” சும்மா இருப்பது எனக்குச் சுலபமாக வரும். அதனால் வேலை பிடித்துப்போயிற்று.

அந்த விதிக்கு ஒரு சோதனை வந்தது. வண்டி நிறுத்தும் பக்கத்துக் கதவில் ஒரு அம்மா, கையில் ஏழு வயது மகள், மகள் கையில் புத்தம்புது கிரேயான் பெட்டி. அம்மா மகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார்.

“மேடம், ஒரு நிமிஷம். பாப்பாகிட்ட இது டிராயிங் கிளாஸ்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“அவங்க அப்பா எதுக்கு இங்க வர்றாருன்னு சொல்லியிருக்கீங்க?”

“அவரும் டிராயிங் கத்துக்கறாருன்னு.”

“உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா, தான் டிராயிங் கத்துக்கறது?”

“மெசேஜ் போட்டிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வீட்டுக்காரர் இல்ல மேடம். அதாவது, அங்க இல்ல. இங்க இன்னும்…” என்று இழுத்தார்.

அந்த இழுப்புத்தான் வழக்கு. கணவனும் மனைவியும் வேறொரு நாட்டில் வேலை பார்த்தார்கள். அங்கேயே ஒரு நீதிமன்றம் அவர்களுக்கு விவாகரத்து கொடுத்தது. மகள் அம்மாவிடம், நீண்ட விடுமுறைகளில் அப்பாவிடம் என்று எழுதியது. பிறகு இருவரும் தனித்தனியாக ஊர் திரும்பினார்கள். அங்கே கொடுத்த தீர்ப்பு இங்கே தானாகச் செல்லாது. இங்குள்ள நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அதுவரை அங்கே பிரிந்தவர்கள், இங்கே கணவன் மனைவி. விமானத்தில் ஏறும்போது ஒரு உறவு, இறங்கும்போது இன்னொரு உறவு.

அம்மாவுக்குப் பழைய நிறுவனத்திலேயே மறுபடி வேலை கிடைத்தது. மகளோடு போக வேண்டும். அதற்காக அந்தத் தீர்ப்பை ஏற்கும்படி மனு போட்டார். அங்கே தன் பக்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்று அப்பா ஆட்சேபித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆட்சேபம் நிற்கும்வரை மகள் ஊரைவிட்டுப் போக மாட்டாள் என்பது அவர் கணக்கு. வழக்கு முடியும்வரை சனிக்கிழமை இரண்டு மணி நேரம்.

மகளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அப்பாவின் வக்கீல் அவரிடம், “பிரிஞ்சுட்டோம்ங்கற வார்த்தை உங்க வாயிலேருந்து வரவே கூடாது சார். குழந்தைகிட்டகூட. சொன்னீங்கன்னா அந்தத் தீர்ப்பை நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி” என்றிருந்தார். அம்மாவின் வக்கீல் அவரிடம், “வழக்கைப் பத்திப் பிள்ளைகிட்ட மூச்சு விடாதீங்க. சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லிடுவாங்க” என்றிருந்தார். இரண்டு புத்திசாலிகள் சேர்ந்ததில் ஒரு டிராயிங் கிளாஸ் பிறந்தது.

நீங்கள் வாசலில் நின்ற அம்மாவிடம் திரும்பினீர்கள்.

“நான் பொய் சொல்ல மாட்டேம்மா. அதனால இன்னிலேருந்து சொல்லிக்கொடுத்துடறேன்.”

“உங்களுக்கு டிராயிங் வருமா மேடம்?”

“வராது. கிளாஸை உண்மையாக்கறது என் வேலை. மத்தது உங்க ரெண்டு பேர் வேலை. அதை நீங்கதான் ஒருநாள் அவகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

அப்போது நடைக்கூடத்துக் கதவு வழியாக அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பென்சில். “நான்தான் மேடம் இன்னொரு ஸ்டூடண்ட்” என்றார்.

உங்கள் கலைப் பயணத்தை அவையோருக்குச் சொல்லாமல் விட்டால் மடல் நிறைவாகாது. சின்னப் பிள்ளைகளுக்கான ஓவியப் புத்தகம் ஒன்றை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்தீர்கள். முதல் வாரம் யானை. கோப்போடு உள்ளே வந்த டவாலி நின்று பார்த்தார்.

“மேடம், தலகாணிக்கு எதுக்கு வாலு?”

“அது தும்பிக்கை.”

“அப்ப வாலு எங்க?”

நீங்கள் அழிப்பானை எடுத்தீர்கள். ஐந்தாவது வாரம் உங்கள் யானையை யானை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பத்தாவது வாரம் மற்ற மேசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பார்க்க வந்த அம்மாக்களும் அப்பாக்களும் வேறு வழியில்லாமல் சேர்ந்தார்கள். முன்பெல்லாம் அந்த அறையில் பெரியவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள், பிள்ளைகள் பெரியவர்களைப் பார்ப்பார்கள். இப்போது எல்லோரும் குனிந்திருந்தார்கள்.

மாணவிக்குக் கை நன்றாக வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. ஒருநாள் அவர் வீடு வரைந்தார்.

“அப்பா, கதவு எங்க?”

“பின்னாடி இருக்கும்மா.”

“பின்னாடி இருந்தா எப்படி உள்ள போறது?”

“அதான் எனக்கும் தெரியல.”

“விளையாடாதீங்கப்பா. ஒழுங்கா போடுங்க.” அவர் கையைப் பிடித்துக் கதவை அவளே போட்டாள். அப்பாவை வேறு எந்த ஆசிரியரும் அவ்வளவு கண்டித்திருக்க மாட்டார்கள். ஏன் அப்படி விரட்டுகிறாள் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

நீதிபதி அவர்கள் ஒரு சனிக்கிழமை அறையைப் பார்வையிட வந்ததையும் சொல்ல வேண்டும். முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். மாணவி நிமிர்ந்து பார்த்து, “நீங்களும் சேர்ந்திருக்கீங்களா அங்கிள்?” என்று கேட்டாள். நீங்கள் அலட்டிக்கொள்ளாமல், “இல்ல பாப்பா, அவர் ஜட்ஜ்” என்றீர்கள்.

“ஐயோ, போட்டி இருக்கா? சொல்லவே இல்ல.”

நீதிபதி அவர்கள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய பூனையைப் பார்த்துப் பத்துக்கு எட்டு என்றார். அப்பாவின் பூனையை வெகுநேரம் பார்த்தார். பத்துக்கு மூன்று. “அப்பீல் போகலாமா சார்?” என்று அப்பா கேட்டார். “இதுக்குக் கிடையாது” என்றார் நீதிபதி. அன்று அறை சிரித்த சிரிப்பில் நடைக்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த காவலர் எழுந்து வந்துவிட்டார்.

சிரிப்பெல்லாம் சரி. வழக்கு நகர்ந்துகொண்டிருந்தது. உங்கள் ஓய்வு நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாணவி எனக்குக் கிரேயான் சீவக் கற்றுக்கொடுத்தபடி விளக்கினாள். “அம்மாவும் நானும் மொதல்ல போறோம். அப்பா கிளாஸ் முடிச்சிட்டு வந்துடுவாரு. பாஸானாத்தானே கிளாஸை முடிக்க முடியும்? அதான் அவரு இன்னும் வீட்டுக்கு வரல.”

நான் சும்மா இருந்தேன். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தது.

அன்று நேரம் முடிந்ததும் முதலில் ஒரு கதவுக்குப் போய் அம்மாவிடம் சொன்னீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு மற்றக் கதவுக்குப் போய் அப்பாவிடம் சொன்னீர்கள்.

“உங்க பொண்ணு ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கா சார். தப்புக் கணக்கு. அதோடயே பிளேன் ஏறிடுவா போலிருக்கு.”

“வக்கீல் சொல்லக் கூடாதுங்கறாரு மேடம்.”

“அவ ஏர்போர்ட்ல திரும்பித் திரும்பிப் பாக்கறப்ப வக்கீல் பக்கத்துல இருப்பாரா?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் அதைச் சொன்னா வழக்கு போச்சு மேடம். வழக்கு போனா பொண்ணு போச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் ஷூ மாட்டி முடிக்கும்வரை கூடவே நின்றீர்கள்.

அதற்குப் பின் நான்கு சனிக்கிழமைகள் கழித்து நடந்தது இந்த அவைக்குத் தெரியும். விசாரணை நாளில் அப்பா எழுந்து நின்று, ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். ஒரே வரி. அவருடைய வக்கீல் கோப்பைத் திறந்த கையோடு நின்றார். அந்த நாட்டுத் தீர்ப்பு இங்கேயும் ஏற்கப்பட்டது. மகள் அம்மாவோடு போகலாம். கோடை விடுமுறை முழுவதும், மற்ற நீண்ட விடுமுறைகளில் பாதியும் அப்பாவோடு. வாரம் மூன்று நாள் வீடியோ அழைப்பு. அவர் அங்கே போனால் நேராக வீட்டு வாசலுக்கே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகலாம், இரண்டு கதவு அறை எதுவும் வேண்டாம். நடைக்கூடத்தில் நின்று அம்மாவும் அப்பாவும் விடுமுறைத் தேதிகளைப் பேசினார்கள், குரல் உயராமல்.

ஏன் திரும்பப் பெற்றார் என்று ஒரு வாரம் இந்தக் கட்டடத்தில் வேறு பேச்சே இல்லை. அவருக்கு வேறு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றார் தட்டச்சர். மேலே இருந்து யாரோ பேசியிருக்கிறார்கள் என்றார் டவாலி. எவ்வளவு மேலே என்று கேட்டதற்கு, “மூணாவது மாடி” என்றார். அப்பாவின் வக்கீல் கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு, “என்னை ஏன்யா கேக்கறீங்க? எனக்கே கோர்ட்லதான் தெரியும்” என்று புலம்பினார். உங்களைக் கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்: “நான் யானை வரைஞ்சிட்டிருந்தேன்.”

நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அந்த அறையில் கேட்ட எதையும் இருபத்துநான்கு ஆண்டுகளில் நீங்கள் வெளியே சொன்னதில்லை. ஆனால் விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை அந்த அறையில் நானும் இருந்தேன். சம்பந்தப்பட்ட மூவரிடமும் அனுமதி கேட்டேன். அம்மா, “மேடத்தைப் பத்தின்னா தாராளமா சொல்லுங்க” என்றார். அப்பா, “பேர் மட்டும் வேணாம்” என்றார். மாணவி ஒரு நிபந்தனை போட்டாள்: அப்பாவைவிட அவள் நன்றாக வரைவாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னால் வாழ்த்து. முடிவில் வைத்தால் தலைமை எழுத்தர் அழத் தொடங்கிவிடுவார், பிறகு எதுவும் காதில் விழாது.

அன்பிற்குரிய மேடம் அவர்களே, முழங்கால் வலியில்லாமல் பெரிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இரத்த அழுத்த மாத்திரையின் அளவு ஏறாமல், சனிக்கிழமை காலையில் பழக்கத்தில் எழுந்து செருப்பை மாட்டிவிட்டு மறுபடி கழற்றி, நெடுங்காலம் நலமாக, நிறைந்த சிரிப்போடு, நினைத்தபோது உறங்கி, நினைத்ததை வரைந்து வாழ வேண்டும். “இனிமே சனிக்கிழமையும் வீட்டுல இருப்பாளா? அப்ப நான் எங்க போறது?” என்று வாசலில் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்த உங்கள் கணவரும் அவ்வாறே வாழ வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் கீழும் உங்கள் பக்கத்திலும் வேலை பார்த்த தலைமை எழுத்தர், கணக்கர், தட்டச்சர், டவாலி, ஓட்டுநர், காவலர், சந்திப்பு அறை உதவியாளர்.

கண்ணாடி போட்டு மாட்டப்போவது இதுவரைதான். அறையில் பேசியதைச் சுவரில் மாட்ட முடியாது. இனி வருவது காதுக்கு மட்டும்.

அது முப்பத்தொன்றாவது சனிக்கிழமை. மரம் வரையச் சொல்லியிருந்தீர்கள். மாணவியின் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலைகள் கிளையைத் தொடாமல் நின்றது. முந்தின வாரம் அவள் வரைந்த பேருந்துக்குச் சக்கரம் மேலே இருந்தது. நான்கு வாரமாகவே அப்படித்தான். நீங்கள் அவள் பக்கத்தில் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“பாப்பா, உனக்கு இதைவிட நல்லா வருமே?”

“வரும் மிஸ்.”

“அப்புறம் ஏன் இப்படி?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் மரத்தில் மும்முரமாக இருந்தார். அவள் உங்கள் காதருகே வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

“நல்லா வரைஞ்சா பாஸ் போட்டுடுவீங்க மிஸ். நான் மட்டும் பாஸாகிப் போயிட்டா அப்பா தனியா இங்கயே மாட்டிக்குவாரு. எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அவருக்கு வரவே மாட்டேங்குது. அதான் நானும் ஃபெயிலாயிட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் பாஸாகி ஒண்ணா வீட்டுக்குப் போயிடலாம்னு.”

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

“மேடம், வெளிய இருக்கற இவ அம்மாவைக் கொஞ்சம் உள்ள கூப்பிடுங்க” என்றார்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கக் கூடாதுன்னு ஆர்டர் சார்.”

“தெரியும் மேடம்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “எழுதிக்கம்மா. கதவைத் திறந்தது நான்தான்னு எழுதிக்க.” எழுந்து போய் வண்டி நிறுத்தும் பக்கத்துக் கதவைத் திறந்தீர்கள்.

அம்மா பதறிக்கொண்டு வந்தார். “என்னாச்சு? விழுந்துட்டாளா?”

“ஒண்ணும் ஆகலம்மா. உட்காருங்க.”

“நீயும் கிளாஸ்ல சேரப்போறியாம்மா?” என்றாள் மகள். அம்மா எதிரில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை சனிக்கிழமைகளில் மூவரும் ஒரே மேசையில் இருந்தது அன்றுதான்.

அப்பா அவரைப் பார்த்தார். “எங்க வக்கீல் இதைச் சொல்லவே கூடாதுன்னாரு.”

அம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. “எங்க வக்கீலும்தான்” என்றார். பிறகு, “நான் சொல்லட்டுமா?”

“வேணாம். நீ சொன்னா, அப்பாவும் அப்படித்தான் சொல்வாரான்னு கேப்பா. நானே சொல்றேன்.”

மகளின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “கண்ணு, இது கிளாஸ் இல்ல…”

“கிளாஸ்தான் சார்” என்றீர்கள். “முப்பத்தொரு வாரமா நடத்தறேன். அதை அவகிட்டயிருந்து எடுத்துடாதீங்க. மத்ததைச் சொல்லுங்க.”

அவர் தலையாட்டினார்.

“சரி. கிளாஸ்தான். ஆனா அப்பா வீட்டுக்கு வராததுக்கு அது காரணம் இல்ல. நான் பத்துக்குப் பத்து வாங்கினாலும் வர மாட்டேன். நீ எனக்காக எத்தனை வாரம் ஃபெயிலானாலும் வர மாட்டேன். நீ என் பொண்ணு, நான் உன் அப்பா. அது எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. லீவுக்கெல்லாம் என்கிட்ட வருவ. அடிக்கடி பேசுவோம். ஆனா ஒரே வீட்டுல இருக்க மாட்டோம்.”

“ஏன்ப்பா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

“நானும் அம்மாவும் பிரிஞ்சுட்டோம் கண்ணு” என்றார் அப்பா. “அங்க மட்டும் இல்ல. இங்கயும்.”